தலைக்குள்ள ஒரு வெள்ளை வளையம்

மூணு மாசமா இந்தப் பக்கம் வரலை. வழக்கம்போல ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. இந்தத் தடவை அது இல்லை மக்களே.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ரூம்மேட்டுக்குத் திடீர்னு வலிப்பு. வலது கையில ஆரம்பிச்சு உடம்பு முழுக்க. 27 வயசு, இதுக்கு முன்னாடி தலைவலின்னுகூடப் படுத்ததில்லை. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. மூளையோட இடது பக்கத்துல சின்னதா ஒரு வெள்ளை வளையம். 12 மி.மீ.

ராத்திரி பஸ்ல வந்து இறங்கின அவங்கப்பா கேட்ட முதல் கேள்வி, "கேன்சரா தம்பி?" எனக்கும் அதே பயம்தான். கூகிள்ல தேடினதுல அது இன்னும் ஏறிப்போச்சு.

டாக்டர் பொறுமையா சொன்னார். நம்ம ஊர்ல இந்த மாதிரி வளையம்னா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு: காசநோய்க் கட்டி, இல்லேன்னா பன்றி நாடாப்புழுவோட குட்டி. அபூர்வமா வேற ஏதாவது.

"நாங்க சுத்த சைவம் சார்!"ன்னு பதறினார் அப்பா. புழுவோட முட்டை அழுக்குத் தண்ணி, கழுவாத காய்கறி, கை வழியா யாருக்கும் வரலாமாம்.

"ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமே சார்?"னு கேட்டேன். லாக் ஃபைலைப் பார்த்து யூகிக்கிறதை விட கோடைத் திறந்து பார்க்கிறவன்தானே நான் :-)

"திறந்துட்டு அப்படியே மூடிட முடியாதே. பக்கத்துலயே பேச்சு, கை அசைவுக்கான இடம் இருக்கு"ன்னார். மண்டையோட்டில் துளை போட்டு ஊசி விடணும். ரத்தம் கசியற அபாயம் குறைவு, ஆனா உண்டு. வர்ற துணுக்கு சில சமயம் பதிலும் சொல்லாது. "இவருக்கு வேண்டாம். வலிப்பு மாத்திரை போட்டுட்டுக் காத்திருப்போம்."

எந்த தைரியத்துல சொல்றார்னு தேடிப் படிச்சேன். 1980கள்ல சி.டி. ஸ்கேன் வந்த புதுசுல, இந்தச் சின்ன வளையத்தைக் காசநோய்னு நினைச்சு மாசக்கணக்கா மருந்து கொடுத்திருக்காங்க. வளையம் மறைஞ்சதும் மருந்துதான் கேட்டுச்சுன்னு நம்பியிருக்காங்க. வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் சாண்டி, டாக்டர் ராஜசேகர் குழு அந்தக் கட்டிகளை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்தப்போ, உள்ளே இருந்தது புழு! 1989ல லான்செட்ல எழுதினாங்க. செத்துக்கிட்டிருக்கிற புழுவைச் சுத்தி உடம்பு போட்ட வேலிதான் அந்த வளையம். பல பேருக்குத் தானாவே மறைஞ்சிடும்.

1993ல அதே குழு அடையாளங்களையும் வகுத்தது. வலிப்போட வந்தவங்களா இருக்கணும். ஒரே கட்டி, 20 மி.மீ.க்குள்ள. மூளையோட நடுக்கோட்டைத் தள்ளுற அளவுக்கு வீக்கம் கூடாது. மூளைக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கக் கூடாது. கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடக் கூடாது. உடம்புல வேற எங்கேயும் காசநோய் மாதிரி நோய் கூடாது. இதெல்லாம் பொருந்தினா கத்தி வேண்டாம்.

எல்லாம் பொருந்துச்சு. ஆனாலும் மூணு மாசம் அவன் தூக்கத்துல புரண்டாக்கூட நான் எழுந்து உட்கார்ந்துடுவேன்.

போன வாரம் மறுபடி ஸ்கேன். வளையம் இல்லை, ஒரு சின்னப் புள்ளிதான்.

"தலையைத் திறக்காமலே சரியாப் போச்சே தம்பி"ன்னு போன்ல அழுதார் அப்பா. அன்னிக்கு யார் யாரோ தலையைத் திறக்கக் கொடுத்ததாலதான்ப்பான்னு சொல்ல வந்தேன். சொல்லலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். வளையம் பெருசானாலோ, மறையாம வளர்ந்தாலோ டாக்டர் பயாப்ஸி கேப்பார். அப்போ இந்தப் பதிவைக் காட்டி வேண்டாம்னு சொல்லிடாதீங்க.