உப்பளத்தின் மேல் ஓர் எண்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்குகையில் நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. பசுமை விலகிப் பாத்தி பாத்தியாக வெண்மை விரிகிறது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்வரை இங்கே உப்பு விளையும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறக்குறைய 3 பாகை. வெயிலில் வற்றி அது 25 பாகையைத் தொடும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 29 பாகையைக் கடந்தால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். பாத்தியில் மிதக்கவிடும் சிறு கண்ணாடிக் குழாயே இதை அறிவிக்கிறது. நேற்றுப் பார்த்த அளவு இன்றைக்கு உதவாது.

இதே உப்பளத்தை வானிலிருந்து பார்ப்பவருக்குக் கண் அவ்வளவாகத் துணைசெய்வதில்லை. மரங்கள், வீடுகள், ஆடுமாடுகள் ஆகியவற்றின் உருவளவைக் கொண்டே விமானி தன் உயரத்தை உணர்கிறார். நீர் தேங்கிய பாத்தி வானத்தை அப்படியே திருப்பிக் காட்டும் கண்ணாடி. காற்றற்ற வேளையில் அதன்மேல் பறப்பவருக்குத் தாம் 200 அடியில் இருக்கிறோமா 500 அடியில் இருக்கிறோமா என்பது எளிதில் விளங்காது. அங்கே அவர் நம்பவேண்டியது உயரமானியை.

உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. உள்ளே காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று இருக்கும். மேலே செல்லச்செல்ல வெளியழுத்தம் குறைவதால் சிமிழ் விரியும், முள் நகரும். கடல்மட்டத்தில் அழுத்தம் எவ்வளவு என்பதை விமானிதான் கருவிக்குச் சொல்லவேண்டும். முகப்பிலுள்ள சிறு சாளரத்தில் அந்த எண் தெரியும்படி ஒரு குமிழைத் திருகுகிறார். பால் கோல்ஸ்மன் உருவாக்கிய நுண்ணிய உயரமானியின் வழிவந்த அமைப்பு இது. 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் வெளியே எதையும் காணாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்து விமானத்தை எழுப்பி, பறந்து, இறக்கியபோது அவர்முன் இருந்ததும் கோல்ஸ்மனின் உயரமானியே.

குமிழில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழைத்தால் முள்ளில் ஏறத்தாழ 28 அடி பிழைக்கும். கடல்மட்ட அழுத்தம் 1003 ஆக இருக்கையில் சாளரத்தில் 1013 நின்றுவிட்டது என்று கொள்வோம். முள் 500 அடி காட்டும். விமானமோ 220 அடியில் பறந்துகொண்டிருக்கும். கருவி பொய் சொல்லிவிட்டது என்று பின்னர் கூறுவது நியாயமன்று. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே விடையளித்தது, கேள்விதான் தவறு.

இப்பிழைக்குப் புயல் வேண்டியதில்லை. வெப்பமண்டலக் கடற்கரைகளில் காற்றழுத்தம் கடலலைபோல் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணியளவில் உச்சம்; மாலை 4 மணியளவில் தாழ்வு. இடைவெளி மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல். தெளிந்த வானமுள்ள நாளில்கூடக் காலையில் வைத்த எண்ணோடு மாலையில் திரும்பும் விமானி ஏறக்குறைய நூறு அடி ஏமாறுகிறார். புயற்காலத்தின் கணக்கு வேறு. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயலின் மையத்தில் அழுத்தம் 969 வரை தாழ்ந்ததாக மதிப்பிடப்பட்டது. எந்தச் சிறு விமானமும் அதனுள் பறக்கப்போவதில்லை. ஆனால் புயல் தொலைவில் இருக்கும்போதே அழுத்தம் இறங்கத் தொடங்கிவிடும் என்பதை மறத்தலாகாது.

சில வேளைகளில் எண் காதிலேயே மாறிவிடுகிறது. 2022 மே 23 அன்று மழைக்கிடையே பாரிஸ் நகரின் சார்ல் து கோல் நிலையத்தை நோக்கி இறங்கிய ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று சொல்லப்பட்டது. விமானிகளும் 1011 என்றே திருப்பிச் சொன்னார்கள். பிழை எவர் செவியிலும் படவில்லை. ஓடுதளத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னே விமானம் தரையிலிருந்து வெறும் 6 அடி உயரத்துக்குத் தாழ்ந்தது. ஓடுதளம் கண்ணில் படாததால் விமானிகள் மீண்டும் மேலெழும்பினர், அனைவரும் பிழைத்தனர். இரு விமானிகளும் வானொலி உயரமானியும் இருந்த பெரிய விமானத்தின் நிலை இது. சிறு விமானத்தில் பெரும்பாலும் ஒருவரே. குமிழைத் திருகுவதும் அவரே, சரிபார்ப்பதும் அவரே.

அவர் கவனிக்கவேண்டிய குமிழ் இன்னொன்றும் உண்டு. திசைகாட்டும் சுழலி தானாக வடக்கை அறியாது. காந்தத் திசைகாட்டியைப் பார்த்து அதனைப் பொருத்தவேண்டும். புவியின் சுழற்சியால் மட்டும் மரக்காணத்தின் அகலாங்கில் அது மணிக்கு மூன்று பாகை விலகும். உராய்வு மேலும் விலக்கும். ஆகவே 10, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை, விமானம் நேராகவும் சீராகவும் பறக்கையில் மீண்டும் பொருத்துவர். திரும்பும்போது காந்த ஊசியே தடுமாறும். அப்போது பொருத்தினால் பிழையைப் பார்த்துப் பிழையைப் பதிப்பதாகும். பத்துப் பாகை விலகினால் 60 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வழி தவறும். மூடுபனிக் காலையில் கரைக்கோடு மறைந்திருந்தால், வடக்கே கல்பாக்கத்தில் பறக்கத் தடைசெய்யப்பட்ட வான்பரப்புக்குள் நுழைய அந்த விலகல் போதும்.

இந்தியாவில் 16 வயது நிறைந்தவர் மாணவ விமானி உரிமம் பெறலாம். அதாவது, பதினோராம் வகுப்பில் பயிலும் வயது. தனியார் விமானி உரிமத்துக்கு 17. பயிற்சி விமானத்தில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. புறப்படும்போது குறித்துக்கொண்ட எண் அதற்குள் பெரிதாக மாறிவிடப்போவதில்லை என்றே இளம் மனம் எண்ணும். வெண்பாத்திகள் பின்னால் நழுவி, லாஸ்பேட்டை ஓடுதளம் முன்னே தோன்றுகையில், பழகிய விமானி வானொலியில் அழுத்தத்தைக் கேட்கிறார். கேட்ட நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் குமிழைத் தொடுகிறார்.