அடியில் இருக்கும் ஈரம்

வீட்டு கார் பார்க்கிங் தரையில் அடிக்கும் எபாக்ஸி எத்தனை வருடம் தாங்கும் என்பது டப்பாவில் உள்ள சரக்கைவிட அதன் கீழே இருக்கும் கான்கிரீட்டையும், கான்கிரீட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணையுமே பொறுத்தது. சென்னையை ஒட்டிய தாம்பரம் வட்டாரத்தில் இந்த மண் தெருவுக்குத் தெரு மாறும். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுப் படுகையை ஒட்டியவை. மேடவாக்கத்துக்கும் வேளச்சேரிக்கும் பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு. திரிசூலம், பல்லாவரம் பக்கம் கடப்பாரை இறங்காத பாறை. ஒரே பூச்சை ஒரே பெயிண்டர் அடித்தாலும், பாறைமேல் நிற்கும் வீட்டில் பத்து வருடம் கிடக்கக்கூடியது, சதுப்போரத்து வீட்டில் இரண்டாவது ஐப்பசியிலேயே கொப்புளம் விடலாம்.

எபாக்ஸி சாதாரண பெயிண்ட் போலக் காய்வதில்லை. ரெசினும் ஹார்டனரும் கலந்ததும் வேதிவினை தொடங்கி, கலவை கெட்டியான பிளாஸ்டிக்காக இறுகிவிடுகிறது. எண்ணெய், பெட்ரோல், பேட்டரி தண்ணீர் சிந்தினாலும் சீக்கிரம் துடைத்துவிட்டால் பெரிதாகச் சேதமாகாது. தொழிற்சாலைகளில் இதன்மேல் டிராலி ஓடுகிறது. அங்கே கிடைக்கும் ஆயுள் வீட்டிலும் கிடைக்கும் என்று நினைப்பதில்தான் ஏமாற்றம். தொழிற்சாலைத் தரையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றுகிறார்கள். வீட்டுக்கு ரோலரில் அடிக்கும் தண்ணீர் கலந்த வகை காய்ந்தபின் ஒரு கோட்டுக்கு நூறு மைக்ரான்கூட நிற்பதில்லை. அதற்கு இரண்டு மூன்று வருடத்துக்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உரிந்த துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அடிப்பக்கம் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தால், எபாக்ஸி நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. விட்டுப்போனது சிமெண்டின் மேல்தோல். கொத்தனார் கரணையால் தேய்க்கத் தேய்க்க மேலே வரும் சிமெண்ட் பால் உலர்ந்து, பலமில்லாத ஏடாக நின்றுவிடுகிறது. கிரைண்டிங் மெஷினால் அந்த ஏட்டை எடுத்து, தரை உப்புத்தாள்போலச் சொரசொரப்பான பிறகுதான் பிரைமர் அடிக்க வேண்டும். துண்டின் அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால், தரையில் எண்ணெயோ ஈரமோ இருந்து பூச்சு பிடிக்கவே இல்லை என்று பொருள்.

உரியாமல் கொப்புளமாக எழும்பினால் சங்கதி வேறு. அதை ஊசியால் குத்தினால் சில சமயம் ஒரு திரவம் கசியும். விரலில் சோப்புபோல வழுக்கும். மண்ணிலிருந்து கான்கிரீட் வழியாக ஏறிய ஓதம், சிமெண்டின் காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து, மேலே வழியில்லாமல் பூச்சின் அடியில் தேங்கிய நீர் அது. வெறும் சிமெண்ட் தரையாக இருந்தால் இதே ஈரம் வெளியேறி, தரை வெள்ளையாக உப்புப் பூப்பதோடு முடிந்திருக்கும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர்ப் பக்கம் மறுபடியும் வெள்ளம். மேலே நிற்கும் வெள்ளத்தால் நன்றாகப் பிடித்த எபாக்ஸிக்குப் பெரிய கெடுதல் இல்லை. சேற்றை அடித்துக் கழுவிவிடலாம். மழைக்குப்பின் வாரக்கணக்கில் கீழே உயர்ந்து நிற்கும் நிலத்தடி நீர்தான் அதற்கு எமன். வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்தியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டட இடிபாட்டைக் கொட்டி, சரியாகக் கெட்டிப்படுத்தாமல் மேலே கான்கிரீட் போட்டால், இடிபாடு இறங்கி கான்கிரீட் விரிசல் விடும். அந்த விரிசல் எத்தனை விலையுயர்ந்த எபாக்ஸியிலும் அப்படியே மேலே வரும்.

டயர் தரும் தொல்லை வேறு மாதிரி. கத்திரி வெயிலில் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடிவந்த டயர் நல்ல சூட்டோடு வந்து நிற்கும். வீட்டில் அடிக்கும் பல எபாக்ஸிகள் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆறும்போது டயர் சுருங்கி, இளகிய பூச்சைக் கவ்வும். வண்டியை எடுக்கும்போது நான்கு இடத்தில் பெயர்ந்துவரும். மட்டமான சரக்கிலும், முழுதாக இறுகும் முன் வண்டி ஏற்றிய தரையிலும் இது அதிகம். பூசி ஒரு வாரமாவது காரை வெளியே நிறுத்துவது நல்லது. வெயில் படும் முன்பகுதி மஞ்சளாகும், பொடிப்பொடியாக மங்கும். அங்கே மேல்கோட்டாக வெயில் தாங்கும் பாலியூரித்தேன் அடித்தே ஆக வேண்டும்.

வேலைக்குப் பலரும் மே மாதத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய தவறு. அந்த வெயிலில் கலவை வாளியிலேயே இறுக ஆரம்பிக்கும். அதைவிட முக்கியம், எந்த ஈரத் தரையும் மே மாதத்தில் காய்ந்ததுபோலத்தான் தெரியும். கார்த்திகையில், மழைவிட்ட சில நாளில், ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப்பால் தரையில் ஒட்டி, குறைந்தது பதினாறு மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்தாலோ, தரை கறுத்தாலோ அந்தத் தரைக்கு எபாக்ஸி வேண்டாம். ஓரங்களில் ஈரம் மூச்சுவிட வழியுள்ள பார்க்கிங் டைல்ஸோ, நன்றாகத் தேய்த்த வெறும் கான்கிரீட்டோ போதும். காய்ந்திருந்தால் மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளலாம்.

புது வீடு கட்டுகிறவர்கள் பார்க்கிங் தரைக்குக் கான்கிரீட் போடும் முன் மண்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரிக்கச் சொல்லி மேஸ்திரியிடம் நின்று கேளுங்கள். அப்போது ஆகும் செலவு அற்பம். கான்கிரீட் விழுந்தபின் எவ்வளவு கொடுத்தாலும் அதை அடியில் நுழைக்க முடியாது.