மறுமுனையில் நின்றவர்

தோற்றுப்போன ஓர் ஆட்டத்தை, எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் நினைவுகூர வேண்டிய தேவை என்ன? வெற்றி பெற்றவர்களின் பெயர்களே நினைவில் நிற்காத காலம் இது. ஆயினும் 1943 டிசம்பரில் மும்பை பிரபோர்ன் அரங்கில் நடந்த ஒரு கிரிக்கெட் ஆட்டம் என் சிந்தையை விட்டு அகல மறுக்கிறது.

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த நேரம். வங்கத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டிருந்த ஆண்டு. அந்நாளில் மும்பையின் பெரும் போட்டி, சமய அடிப்படையில் அணி பிரித்து ஆடப்பட்டது. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், இஸ்லாமியர் என நான்கு அணிகள் முதலில் இருந்தன. 1937இல் ஐந்தாவதாக ஓர் அணி சேர்க்கப்பட்டது. கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் யூதர்களும் அதில் அடங்குவர். அதற்கு இடப்பட்ட பெயர் ‘மற்றவர்கள்’ என்பதே. ஒருவன் இன்னான் என்று சொல்லாமல், இன்னின்னார் அல்லன் என்று மட்டும் சொல்லும் பெயர் அது.

அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் இந்துக்கள் அணி 5 விக்கெட் இழப்பிற்கு 581 ஓட்டங்கள் குவித்தது. விஜய் மெர்ச்சண்ட் ஆட்டமிழக்காமல் 250 எடுத்தார். ‘மற்றவர்கள்’ அணியோ 133 ஓட்டங்களில் சுருண்டது. இன்னும் 448 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் மீண்டும் ஆட வந்தது. முடிவு எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது களத்தில் நின்றவர் விஜய் ஹசாரே என்னும் கிறிஸ்தவ இளைஞர். அணி எடுத்த 387 ஓட்டங்களில் 309 அவருடையவை. எனினும் என் மனம் அவரைவிட, மறுமுனையில் நின்ற அவருடைய சகோதரர் விவேக் ஹசாரேயையே நாடுகிறது. இருவரும் இணைந்து சேர்த்தவை 300 ஓட்டங்கள். அவற்றில் விவேக்கின் பங்கு 21 மட்டுமே. மணிக்கணக்காக அவர் செய்த வேலை ஒன்றுதான்: விழாமல் நிற்பது. அவர் விழுந்திருந்தால் அண்ணல் ஒருவரின் அந்த அரும்பெரும் ஆட்டம் பாதியிலேயே முடங்கியிருக்கும். இறுதியில் அணி ஓர் இன்னிங்ஸ், 61 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது.

“தோற்கப்போவது தெரிந்த பின் எதற்காக நிற்க வேண்டும், சாமி?” என்று முடிச்சூர் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நோயுற்றோருக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் முதல் வெள்ளிக்கிழமைகளில் நான் காணும் வீடுகளே அதற்கு விடை தருகின்றன. குணமாகாது என்று மருத்துவர் கைவிரித்த பின்னரும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாய்க்கு வேளை தவறாமல் கஞ்சி புகட்டும் மகள் இருக்கிறாள். அவள் முடிவை மாற்றுவதில்லை. ஆனால் அந்தத் தாய் இறுதிவரை ‘அம்மா’ என்று அழைக்கப்படுகிறாள். சிலுவையருகே நின்ற அன்னையும் தீர்ப்பை மாற்றவில்லை, நின்றார்கள், அவ்வளவே.

சமய அணிகளாய்ப் பிரிந்து ஆடும் வழக்கத்தைக் கைவிடுமாறு காந்தியடிகள் 1940இலேயே அறிவுறுத்தியிருந்தார். 1946இல் அப்போட்டி நிறுத்தப்பட்டது. ஆறாண்டுகள் சென்றன. 1952 பிப்ரவரியில், நம் சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியா இங்கிலாந்தை வென்றது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. அன்று அணியை நடத்திச் சென்ற தலைவர் அதே விஜய் ஹசாரே. ‘மற்றவர்’ என்று ஒதுக்கப்பட்டவர் அன்று எல்லாருக்கும் உரியவராய் நின்றார்.

அந்த வெற்றிப் பட்டியலில் விவேக்கின் பெயர் இல்லை. ஆனால் அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஓசையின்றி மறுமுனையில் நிற்பவர் யார் என்று இன்றிரவு ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அவர் உறங்குமுன் அவரிடம் ஒரு நன்றிச் சொல் சொல்லுங்கள்.