வழக்குரைக்கு முன்னால் குளிர்த்தி இல்லை

கிழக்கிலங்கைக் காரைதீவில் வைகாசி வந்தால் ஒரு கொலை வழக்கு மறுபடியும் எடுக்கப்படும். கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்த பிறகு காதை காதையாக வழக்குரை படிப்பார்கள். மாதவி அரங்கேற்றம், வழிநடை, அடைக்கலம், கொலைக்களம் எல்லாம் கடந்து பாண்டியன் சபைக்கு வந்து, அங்கே வழக்கு முடிந்த பிறகுதான் அம்மனைக் குளிர வைக்கும் குளிர்த்தி. கண்ணகி வழக்குரையை வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தபோது அதை வெளியிட்டது எங்கள் ஊர் இந்து சமய விருத்திச் சங்கம். சின்ன வயதில் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். நானும் ஒருவன்.

பிறகு நான் கர்நாடக சங்கீதம் கற்றேன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், கச்சேரி செய்தேன். அரசாங்கத்தின் ஆயுதத்தால் செத்த ஒருவனைப் பற்றி மேடையில் எப்படிப் பாடுவது என்று சங்கீத வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சமும் அந்தக் கோயில் வாசலில் கேட்டுக் கேட்டு வந்தது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகையின் கணவன் கோவலனின் கொலை நடக்கிற விதத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அரசன் விசாரிக்கவில்லை. ஊடிப் போன தேவியைச் சமாதானம் செய்யும் அவசரத்தில் இருக்கிறான். தேவியின் காணாமற்போன சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டுப் போகிறான். கோவலனைக் கள்வன் என்று அரசனிடம் சொன்ன பொற்கொல்லன் காவலரைக் கூட்டிப் போகிறான். கோவலனைப் பார்த்த காவலர், இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். கள்வரின் தந்திரம் என்னென்ன என்று பொற்கொல்லன் நீளமாக விளக்குகிறான். பேச்சு ஒரு முடிவுக்கு வரும் முன் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சந்தேகம், அவசரம், மேலிடத்து வாய்மொழி, செத்தவன்மேல் ஏற்கெனவே ஒட்டப்பட்ட பட்டம். பொலிஸ் கொலைகளைப் பற்றி இன்றைக்கு வாசிக்கிற அறிக்கைகளில் இதில் எது இல்லை? தயங்கிய அந்தக் காவலரைக்கூட இளங்கோ விட்டுவிடவில்லை. அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிது, சபைக்கு வந்தபோது கண்ணகை செய்தது. கணவனின் உடலைக் கண்ட இடத்தில் அழுது புரண்டவள், அரசன் முன்னால் ஒப்பாரி வைக்கவில்லை. தன் ஊரைச் சொல்கிறாள், பேரைச் சொல்கிறாள், கணவன் பேரைச் சொல்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்று அரசனின் வாயாலேயே வருகிறது. பிறகு உடைக்கிறாள். சான்று சபையின் நடுவில் தெறிக்கிறது. எங்கள் கோயிலில் அந்த இடத்தைப் படிக்கிறவர் குரலை உயர்த்துவதில்லை. கொலைக்களத்தில் அழுத சனம் அந்த இடத்தில் அழாது. நிமிர்ந்து உட்காரும்.

அரசு செய்த கொலையைப் பற்றிய பாட்டு முதலில் ஒரு முறைப்பாடாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வேர்விட்டது இதனால்தான். யார், எங்கே, எப்போது, யாருடைய கையால். அழுகைக்கு அதற்குள் தானாக இடம் வரும்.

எங்கள் கரையில் இப்படிச் சொல்வதே குற்றமாக இருந்த காலம் உண்டு. 1985 மே மாதம் கல்முனைக்குப் பக்கத்து நற்பிட்டிமுனையில் இருந்து பிடித்துக்கொண்டு போன இளைஞர்கள், 20க்கும் மேற்பட்டவர்கள், திரும்பி வரவில்லை. கொண்டுபோனது விசேட அதிரடிப்படை என்று சனம் சொன்னது. அது பொலிஸின் ஒரு பிரிவு. அதை வெளிநாட்டுப் பத்திரிகையாளரிடம் சொன்னதற்காகக் கல்முனைப் பிரஜைகள் குழுவின் தலைவர் போல் நல்லநாயகம் கைதானார். பொய் வதந்தி பரப்பினார் என்று அவர்மேல் வழக்கு. 1986இல் விடுதலையானார். கொன்றவர்களுக்கு முன்னால் சொன்னவர் கூண்டில் ஏறினார். நான் மேடைக்கு ஒரு வரியை எழுதும்போதெல்லாம் அந்த வழக்கு மனதில் வரும். வரியில் இருப்பது நிற்குமா, நாளைக்கு யாராவது பொய் என்று சொன்னால் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வேன்.

திருகோணமலை மாணவர்களைப் பற்றி ஒரு விருத்தம் கட்டினேன். 2006 ஜனவரி 2, திங்கட்கிழமை மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து பிள்ளைகள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் பட்ட துப்பாக்கிச் சூடு தெரிந்தது. அந்தப் படங்கள் வந்த அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். சபையில் உடைத்த சிலம்புதான் அந்தப் படங்கள் என்று என் விருத்தத்தின் நடுவில் வைத்திருக்கிறேன். படம் எடுத்தவரின் பேரும் அதில் வரும். பிள்ளைகளின் பேர்களை இந்தக் கட்டுரையில் எழுதவில்லை. பெற்றவர்களிடம் அனுமதி கேட்பது மேடையில் பாடுவதற்கு, அச்சுக்கு அல்ல. கேட்காமல் ஒரு பேரைப் பாடக் கூடாது. சில வீடுகளில் வேண்டாம் என்பார்கள். பயம் இருக்கும், அல்லது மற்றப் பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டி இருக்கும். அந்தப் பேர் இல்லாமலே பாட வேண்டும்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

விருத்தத்தை எடுப்பதற்குக் காரணம், அதில் தாளம் இல்லை. தாளம் வந்தால் சனம் தொடையில் தட்டும். எண்ணிக்கை தலைக்குள் ஏறிவிட்டால் பொருள் பின்னால் போகும். சுருதி மட்டும் இருக்கிற இடத்தில் ஒரு பேரைச் சொன்னால் அது போய்த் தங்க வேறு இடம் இல்லை. இராகத்துக்குப் பலரும் முகாரியைத் தேடுவார்கள். முகாரி அழகான இராகம், அதனாலேயே எனக்கு அங்கே சரிவராது. பாடகன் முகாரியை எப்படிக் கையாண்டான் என்று கேட்டவர் வீட்டில் போய்ப் பேசுவார். நான் ஹரிகாம்போதியில் பாடுகிறேன். விபுலாநந்த அடிகளார் யாழ் நூலில் செம்பாலை என்று காட்டிய அந்தப் பழைய பண். அது எதையும் முன்கூட்டியே தீர்மானிக்காது. துக்கம், கோபம், பெருமிதம் மூன்றுக்கும் இடம் கொடுத்து நிற்கும். அடிகளார் எங்கள் ஊரில் 1892இல் பிறந்தவர், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு அழிந்துபோன யாழைத் தேடிப் போனவர். அதே காப்பியத்தின் கொலைக்களத்தை எங்கள் கோயில் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

பேர் வருகிற இடத்தில் கமகம் வேண்டாம். ஒரே சுரத்தில், பள்ளிக்கூடத்து இடாப்பில் கூப்பிடுகிற மாதிரி. வயலின்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: விருத்தத்தில் ஒவ்வொரு வரியையும் நீங்கள் வாங்கி வாசிக்கலாம், பேரை மட்டும் வாங்க வேண்டாம். கருவிக்குப் பேர் சொல்ல வராது. பேரை இனிமையாக்கித்தான் அது திருப்பித் தரும். மிருதங்கக்காரரும் அன்றைக்குத் தனி வாசிப்பை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். இதற்கெல்லாம் பக்கவாத்தியக்காரர் மனமொத்து வர வேண்டும். நான் பாடினால் அவர்களும் பாடியதாகத்தான் கணக்கு, அவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவரைக் கட்டாயப்படுத்தி மேடையில் ஏற்றுவது சரியில்லை.

எங்கே வைப்பது என்பதும் பெரிய கேள்வி. கடைசித் துக்கடாவில் வைத்தால் பாதிச் சனம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். முதலில் வைத்தால் பிறகு வருகிற எல்லாம் வெறுமையாகும். பிரதான உருப்படிக்கு நேர் முன்னால் வைக்கிறேன். விருத்தம் முடிந்ததும் இடைவெளி விடாமல் அதே இராகத்தில் கீர்த்தனையைத் தொடங்குவேன். கைதட்டலுக்கு அங்கே இடமிருக்காது.

ஒலிபெருக்கி போட எங்கள் நாட்டில் பொலிஸில் பெர்மிட் எடுக்க வேண்டும். பொலிஸ் கொலையைப் பற்றிப் பாடுவதற்கும் அதே பெர்மிட்தான். ஒரு தடவை என்னென்ன பாட்டு என்று பட்டியல் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன், இந்த விருத்தத்தையும் சேர்த்து. மறைத்துக்கொண்டு போய்ப் பாடுவது முறைப்பாட்டுக்கு அழகில்லை.

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிக் கேட்டிருக்கிறேன். 1969இல் சிலியின் புவேர்ட்டோ மொன்ட் நகரில் குடிசை போட்டிருந்த ஏழைகளைப் பொலிஸ் சுட்டது, பலர் செத்தார்கள். விக்டர் ஹாரா அதைப் பாட்டாக்கியபோது உள்துறை அமைச்சரின் பேரைப் பாட்டுக்குள்ளேயே வைத்தார். நான்கு வருடம் கழித்து இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைக் கொன்றது. நியூயோர்க்கில் 1999 பெப்ரவரியில் அமாடு டியாலோ என்ற இளைஞன்மேல் நான்கு பொலிஸ்காரர் 41 தடவை சுட்டார்கள். அவன் கையில் இருந்தது பணப்பை. அடுத்த வருடம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அந்த எண்ணிக்கையையே திரும்பத் திரும்பப் பாடினார். பொலிஸ் சங்கம் அவருடைய கச்சேரிகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. அந்தப் பாட்டின் தொடக்கம் உடலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிற ஒரு பொலிஸ்காரனின் பார்வையில் இருக்கிறது. தயங்கிய காவலரை இளங்கோ விடாமல் வைத்தது எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. ஜனெல் மொனே 2015இல் முரசும் பேர்களும் மட்டுமாக ஒரு பாட்டே செய்தார், பொலிஸ் கையாலும் இனவெறியாலும் செத்த கறுப்பினத்தவரின் பேர்கள். நம் நாட்டிலும் நந்தா மாலினி எண்பதுகளின் கடைசியில் 'பவன' கச்சேரியை ஊர் ஊராகக் கொண்டுபோனார். அரச வானொலி அந்தப் பாட்டுகளைத் தடுத்தது. சிங்களப் பிள்ளைகள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தமிழ்க் கச்சேரிகளில் அந்த அம்மாவின் பேரைச் சொல்கிறவர் குறைவு, அது எனக்கு வருத்தம்.

ஒருநாள் கச்சேரி முடிந்து சுருதிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது சாய்ந்தமருதுவில் இருந்து வந்திருந்த ஒருவர் பக்கத்தில் வந்தார். றபான் அடிக்கிற மனுசன், கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பாவாக்களோடு பாடுகிறவர்.

"சேர், நல்லாத்தான் இரிந்திச்சி. மறுகா ஒரு விசயம் கேக்கணும். தொண்ணூறாமாண்டு ஜூன் மாசம் பொலிஸில இரிந்த எங்கட புள்ளைகளும் மௌத்தாப் போச்சுதுகள். அதுகள்ற பேரையும் இப்பிடிப் பாடுவீங்களா?"

1990 ஜூன் 11. கிழக்கில் பொலிஸ் நிலையங்களில் இருந்தவர்கள் சரணடையும்படி பணிக்கப்பட்டுச் சரணடைந்தார்கள். விடுதலைப் புலிகள் அவர்களைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். சிங்களவரும் முஸ்லிம்களுமாக நூற்றுக்கணக்கான பேர், கல்முனை நிலையத்தில் இருந்தவர்களும் அதில் அடக்கம். அதன் பிறகு இராணுவம் வந்தபோது கல்முனைத் தமிழர் செத்தார்கள். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் செத்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் காரைதீவு எரிந்ததை அந்த மனுசனும் அறிவார், நானும் அறிவேன்.

"பாடுவேன் காக்கா," என்றேன். "ஆனா நான் மட்டும் பாடினா அது சரிவராது. நீங்களும் வந்து இருக்கணும்."

வந்தார். கையிலே ஆயுதமில்லாமல் நிற்கிறவனைக் கொன்றால், கொன்றவன் எந்தச் சீருடை போட்டிருந்தாலும் முறைப்பாடு ஒன்றுதான் என்பதை அந்த மேடையில் இரண்டு பேரும் சொன்னோம். எனக்கு வேண்டியவர்கள் சிலர் அதற்குப் பிறகு கச்சேரிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய வலி எனக்குப் புரியும், ஆனாலும் அந்த விருத்தத்தைக் கைவிட மாட்டேன். கண்ணகையின் வழக்கை எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியின் சிலம்பைப் பார்க்க மறுத்தால் கோயிலுக்குள் எந்த முகத்தோடு போவது?

இப்போதெல்லாம் நல்லிணக்கக் கச்சேரிக்கு அழைப்பு வருகிறது. மூன்று மொழியில் பாட்டு, ஒரே நிறச் சால்வை, கடைசியில் எல்லோரும் கைகோத்துப் பாடுவது. கூப்பிடுகிறவர்கள் பலர் நல்ல மனிதர்கள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் அதில் குளிர்த்தி மட்டும் இருக்கும். குளிர்த்தியை நான் குறைவாகச் சொல்லவில்லை. மதுரையை எரித்தவள் எரிந்துகொண்டே இருக்க முடியாது. ஆய்ச்சியர் தயிரும் வெண்ணெயும் கொண்டு குளிர வைத்ததைத்தான் எங்கள் தாய்மார் வருடாவருடம் விடிய விடிய இருந்து கேட்கிறார்கள். ஆனால் வழக்குரை படிக்காமல் எந்தக் கட்டாடியாரும் குளிர்த்தி பாடத் தொடங்கியதை நான் பார்த்ததில்லை. சபையில் தீர்ப்பு வந்தது, அரசன் தன் பிழையை ஒப்புக்கொண்டான், அதற்குப் பிறகுதான் தயிரும் வெண்ணெயும். ஏற்பாட்டாளர்களிடம் இதைச் சொல்வேன். கைகோத்துப் பாடும் பாட்டுக்கு முன்னால் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள், பேர்கள் இருக்கின்றன என்பேன். சிலர் தருகிறார்கள். சிலர் நிதி கொடுப்பவர் விரும்பமாட்டார் என்கிறார்கள், அங்கே நான் போவதில்லை.

2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றம் மாணவர் கொலை வழக்கில் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரை, போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்தது. சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். விருத்தத்தில் அதுவரை எட்டு அடிகள் இருந்தன. அந்த ஜூலையில் ஒன்பதாவது அடி சேர்த்தேன்: திகதி, 13 என்ற எண், விடுதலை என்ற சொல், வேறொன்றும் இல்லை. என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளை இப்போது அதைப் பாடுகிறாள். ஒன்பதாவது அடியை மேல் ஸ்தாயியில் எடுக்கட்டுமா சேர், சனத்துக்கு உறைக்கும் என்று கேட்டாள். வேண்டாம் மகள், மற்ற அடிகள் நிற்கிற அதே இடத்தில் நிறுத்து, பத்தாவது அடிக்கு இடம் வைத்துக்கொள் என்றேன்.