பாறை எழுந்து நடந்தது

வழிகாட்டி நெடுநேரமாக எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைநோக்கியை விட்டு விலகி, "ஷான்" என்றார். லடாக்கியில் பனிச்சிறுத்தை. குனிந்து பார்த்தேன், வெறும் பாறை. அந்தப் பாறையில் ஒரு துண்டு எழுந்து சோம்பல் முறித்தது. ஏறக்குறைய உடம்பளவு நீண்ட தடித்த வால் முதலில் புலப்பட்டது, பின்னால்தான் முகம். சரிவில் மேய்ந்த நீல ஆடுகளுக்கு இன்னும் தெரியவில்லை. மூச்சு விட்டால் கண்ணாடியில் பனி படியும் குளிர், விடாமலே பார்த்தேன்.

லே நகரிலிருந்து சிங்சென் வரை வண்டி, அப்புறம் உறைந்த ஓடையோரமாக நடந்தால் ரும்பக். ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சிற்றூர். தங்கியது ஒரு வீட்டில். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர் குடித்தோம். (இரண்டாவது கோப்பையில் பிடித்துப்போகிறது.) சிறுத்தையைப் பார்த்த குதூகலத்தை நான் கொட்ட, வீட்டு அமா-லே (அம்மாவை லடாக்கியில் இப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள்) என்னை ஆட்டுக் கொட்டடிக்கு அழைத்துப்போனார். கல்சுவர், மேலே கம்பிவலை.

வலை இல்லாத காலத்தில் ஷான் மேலிருந்து உள்ளே குதிக்கும். ஆடுகள் மிரண்டு ஓட ஓட, ஒன்றோடு நிற்காமல் அடித்துப்போடும். ஒரே ராத்திரியில் பட்டி காலி. விடிந்ததும் அகப்பட்டால் ஊரே கூடிக் கொல்லும். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2011-இல் மறைந்த ரின்சென் வாங்சுக்கும் அவர் நடத்திய பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் உபதேசத்தோடு வரவில்லை, வலையோடு வந்தார்கள். வீட்டில் விருந்தாளி தங்கினால் காசு என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். வீடுகளுக்கு முறை வைத்து ஆளை அனுப்புகிறார்கள். வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்கு.

"இப்போது ஷானைப் பிடிக்குமா?" என்று அமா-லேயிடம் கேட்டேன். அவர் மகன் இந்தியில் சொன்ன பதில்: "அது இன்னும் ஆடு தின்கிற பிராணிதான். இப்போது விருந்தாளியையும் கூட்டிவருகிறது."

சுவரொட்டி வாசகங்களைவிட இந்தக் கணக்கை நம்பலாம் என்று தோன்றியது. 2024-இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில். அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொலைநோக்கியும் போகாத பள்ளத்தாக்குகளில் திரிகின்றன. அங்கே ஆடு போனால் போனதுதான். ஈடுகட்ட ஒரு விருந்தாளியும் வரமாட்டான். ரும்பக்கின் கணக்கு அந்த ஊர்களுக்குச் செல்லாது. அங்கே முதலில் போய்ச்சேர வேண்டியது கம்பிவலை.