வாயில்லாப் பிராணியின் வழக்கு

கடந்த 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள், சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842-ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு கழகத்தின் நூற்றெண்பதாண்டுப் பந்தயக் கதை அன்றோடு முற்றுப்பெற்றது. இன்று நம்மவர் உணவுக்கடைகள் நிறைந்திருக்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அப்பெயர் வந்ததே, 1933-க்கு முன்னர் அதனருகே பந்தயத் திடல் இருந்தமையால்தான். சம்பள நாளன்று மாலை வெறுங்கையோடு வீடு திரும்பிய தோழர்கள் பலரை நாம் கண்டிருக்கின்றோம். ஆகவே அத்திடல் மூடப்பட்டமைக்காக நாம் ஒரு துளிக் கண்ணீரும் சிந்தப் போவதில்லை. ஆயினும், அச்செய்தியைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஐம்பதாண்டுகளுக்கு முன் நாம் அடித்த ஒரு பெண் குதிரை நினைவில் வந்து நின்றது.

நமது தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாமோ படிப்பைப் பாதியில் விட்டு, 1971-ஆம் ஆண்டு, பதினெட்டாம் வயதில், மலேசியாவில் ஒரு நகரத்தின் ஓரத்திலிருந்த லாயத்தில் வேலைக்கமர்ந்தோம். அதன் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. பந்தயத்திலிருந்து தள்ளப்பட்ட குதிரைகளை மலிவாக வாங்கி, சவாரி பழகுவோருக்கு வாடகைக்கு விடும் இடம் அது. இலத்தி அள்ளுதல், புல்லறுத்தல், குளிப்பாட்டுதல், சேணம் பூட்டுதல் ஆகியன நமது பணிகள்.

அங்கே செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை இருந்தது. அதற்குப் பிசாசு என்றே பெயர். வயிற்று வாரை இறுக்கப் போனால் கடிக்கும். சேணம் ஏறியபின் தலையை உதறும். வாலைச் சுழற்றி அடிக்கும். நெற்றியில் இரட்டைச் சுழி இருப்பதாகவும், அத்தகைய குதிரை ஏறியவனைக் கவிழ்த்தே தீருமென்றும் லாயத்தில் ஒருவர் சொன்னார். உடனே எலுமிச்சம்பழம் சுற்றி எறிந்தார்கள். பகுத்தறிவு பேசும் கூட்டங்களுக்குச் சென்று கைதட்டிய நாமும் அப்போது வாய் திறந்திலேம். அம்மட்டோ! ஒருநாள் அது நமது தோளைக் கவ்வியபோது, துடைப்பக் கட்டையால் அதன் மூக்கின்மேல் ஓங்கி அடித்தோம். இதனை வெட்கத்தோடுதான் எழுதுகின்றோம்.

பின்னொரு நாள் அக்குதிரை ஒரு சிறுவனைக் கீழே தள்ளிற்று. அவனுக்குத் தோளெலும்பு முறிந்தது. திங்கள் முடிவதற்குள் குதிரையைக் கொன்றுவிடுவதென்று உரிமையாளர் முடிவு செய்தார்.

அவ்வேளையில் ஒரு பெரியவர் சில வாரங்களுக்கெனக் கூலிக்கு வந்து சேர்ந்தார். ஆயுள் முழுதும் குதிரைகளோடு கழித்தவர். எழுதப் படிக்க அறியாதவர். நாம் குதிரையை மிரட்டுவதைக் கண்டு, “தம்பி, நாளைக்கு அதைத் தொடாதே. தூர நின்று பார். கடிப்பதற்கு முன் என்ன செய்கிறது என்று மட்டும் பார்,” என்றார். வேலை மிகுந்த நாளில் இஃதென்ன வேடிக்கை என்று எண்ணினோம். ஆயினும் வயதுக்கு மதிப்பளித்து நின்று பார்த்தோம்.

கடிப்பதென்பது கடைசிச் சொல். அதற்கு முன் அது பல சொற்களைச் சொல்லியிருந்தது. சேணத்தைத் தூக்கிக்கொண்டு ஆள் வருவதைக் கண்டதுமே காதுகள் பின்னோக்கி விறைத்தன. கண்ணைச் சுற்றித் தோல் இறுகியது. மூக்குத் துளைகளின் ஓரம் சுருங்கிற்று, தாடை கல்லாயிற்று. பிடரி முடிந்து முதுகெலும்பு மேடிட்டு நிற்கும் இடத்தில் பெரியவர் ஒரு விரலை வைத்தார். ஈ மொய்த்தாற்போல் தோல் துடித்தது. இத்தனையும் நாள்தோறும் நமது கண்முன் நடந்தவையே. நாம் அதன் பல்லை மட்டும் பார்த்தோம்.

குதிரை தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழுவட்டமும் காணவல்லது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே அதற்குக் குருடு. நாமோ பின்புறமிருந்து ஓசையின்றி வந்து வாரைப் பிடிப்பவர்கள். “உன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் சத்தமில்லாமல் வந்து உன் வயிற்றைக் கட்டினால் நீ சும்மா இருப்பாயா?” என்று கேட்டார் பெரியவர். நமக்கு மறுமொழி இல்லை.

அன்று மாலை சவாரி முடிந்ததும், எல்லோரையும் அழைத்து வைத்துச் சேணத்தைக் கழற்றினார். முதுகு முழுதும் வியர்வையில் நனைந்திருந்தது. ஆனால், அம்மேட்டின் இருபுறமும் உள்ளங்கையளவு இரண்டு இடங்கள் மட்டும் உலர்ந்திருந்தன. அங்கே வெண்மயிர் முளைத்திருந்தது. அழகுக்கு அமைந்த புள்ளிகளென்று நாம் எண்ணியிருந்தவை அவை! ஓயாது அழுத்தும் இடத்தில் வியர்வை வெளிவராது. அழுத்தம் நீடித்தால் மயிர்க்கால் கெட்டு, அங்கே முளைக்கும் மயிர் வெளுக்கும். சேணத்தினுள்ளே ஒரு மரச் சட்டம் உண்டு. அது குதிரைக்குக் குறுகலாயின் மேட்டின் இருபக்கமும் இடுக்கிபோற் பற்றும். மிக அகலமாயின் கீழிறங்கி எலும்பின்மேலேயே உட்காரும். எங்கள் லாயத்தில் ஐந்து குதிரைகளுக்கு ஒரே சேணம். அதற்கு நோகுமென்று இரக்கப்பட்டு நாம் அடியில் இரண்டு கம்பளி வேறு மடித்துப் போட்டிருந்தோம். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு காலுறை போட்டுக்கொண்டாற்போல், அவ்விரக்கமே நோவை மிகுவித்தது.

கடிவாளத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெறும் ஈறு இருக்கின்றது. இரும்பு தங்குமிடம் அதுவே. அந்த ஈற்றின் மென்மையை அறியாதவன் கடிவாள வாரைத் தொடலாகாது என்பது அவர் கட்சி. மூக்கு வாருக்கும் எலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும். நாம் கட்டியிருந்ததில் ஒரு விரலும் நுழையவில்லை.

அன்றிரவு தோட்டத்துக்குச் சென்றோம். தந்தையார் சட்டையின்றித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முப்பதாண்டு பால் வாளிகளைச் சுமந்த காண்டாக் கம்பு அவரது தோளில் ஒரு காய்ப்பை உண்டாக்கியிருந்தது. பிறந்தது முதல் அதனைப் பார்த்தே வளர்ந்தோம், அன்றுதான் கண்டோம். “அப்பா, இது வலித்ததில்லையா?” என்றோம். அவர் சிறிது நேரம் நம்மை உற்று நோக்கி, “இத்தனை வருஷத்தில் நீதான் கேட்டிருக்கிறாய்,” என்றார்.

நிற்க. இவ்வறியாமை எங்கள் லாயத்துக்கு மட்டும் உரியதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரேபிய பாரசீகத் துறைகளினின்று பெரும்பொருள் கொடுத்து இறக்கிய குதிரைகளுள் மிகப் பல, பேணத் தெரிந்தோர் இன்மையால் ஓராண்டுக்குள் மாண்டன என எழுதி வைத்தார். பொன் கொடுக்க ஆளிருந்தது. சுழி பார்க்கவும் ஆளிருந்தது. முதுகைப் பார்க்க ஆளில்லை போலும்.

குதிரையோ நம்மைப் பார்ப்பதில் குறைவைப்பதேயில்லை. 1904-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை குளம்பால் தட்டிக் கணக்குச் சொல்வதாக உலகமே வியந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர் சோதித்து, 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவர் தம்மை அறியாமலே செய்யும் சிறு தலையசைவைக் கண்டு, குதிரை தட்டுவதை நிறுத்தியது, அவ்வளவே. மயிரிழை அசைவையும் கண்டறியும் அப்பிராணியின் முகத்தை முறைப்படி படிக்க மனிதனுக்குப் பின்னும் நூறாண்டு வேண்டியிருந்தது. 2014-ஆம் ஆண்டில்தான் குதிரையின் முகத்தைக் கொண்டு நோவை அளக்கும் அளவுகோலொன்று வெளியாயிற்று. பின்னோக்கி விறைத்த காது, கண்மேல் இறுக்கம், துருத்திய தாடை முதலியன அதிற் கூறப்படுகின்றன. 2018-இல் சூ டைசன் என்னும் கால்நடை மருத்துவர் குழுவினர், சவாரியின்போது நோவைக் காட்டும் 24 செய்கைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றைப் படித்தபோது பெரியவரின் குரலே நமது காதில் ஒலித்தது.

உரிமையாளரிடம் அவர் இரண்டு திங்கள் தவணை கேட்டார். சிறுவனின் தந்தை கோபத்திலிருந்தார். உரிமையாளருக்கோ தீனிச் செலவு கவலை. நமது சம்பளத்தில் பாதியைத் தீனிக்குப் பிடித்துக்கொள்ளுமாறு நாம் சொன்னபின்னரே இசைந்தார். அவ்விரண்டு திங்களும் குதிரையின்மேல் துணிகூடப் படவில்லை. பிறகு, கிடங்கில் தூசியடைந்து கிடந்த அகன்ற சேணமொன்றைப் பெரியவர் எடுத்து, கம்பளியில்லாமல் வெறுமுதுகில் வைத்துப் பார்த்தார். மேட்டுக்கும் சேண வளைவுக்கும் நடுவே விரல்களை நுழைத்தார்; நடுமுதுகில் எலும்பின் நெடுக வெளிச்சம் தெரிகின்றதா எனக் குனிந்து பார்த்தார்; நம்மை ஏறி உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல், துளை துளையாக, நடத்தி நடத்தி இறுக்கக் கற்பித்தார்.

குதிரை உடனே சாதுவாகிவிடவில்லை. நோவு போனபின்னும் நினைவு போகவில்லை. பல வாரங்கள் பல்லைக் காட்டிற்று. நமது கையில் துடைப்பத்தைக் கண்டால் மட்டும் அதன்பின்னும் நெடுநாள் தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கு நாம் என்ன சொல்ல இயலும்?

பெரியவர் ஒருநாள் சொல்லாமலே போய்விட்டார். அவர் ஊரைக் கேட்டு வைக்கவில்லையே என்று பிறகு வருந்தினோம். குதிரை அதன்பின் எட்டாண்டுகள் உயிரோடிருந்தது. காலையில் சேணம் வைக்குமுன் அதன் தோளருகே நின்று பேசி, அம்மேட்டில் விரல் வைத்துப் பார்ப்போம், தோல் துடிப்பதில்லை. அவ்விரண்டு வெண்புள்ளிகள் மட்டும் கடைசிவரை பழைய நிறத்துக்குத் திரும்பவேயில்லை.