காலியாயிருந்த நாற்காலி

இளங்கலை முதலாண்டு மாணவர்க்குத் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தை நடத்தத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மோந்தால் வாடும் அனிச்சத்தையும், முகம் மாறி நோக்கினாலே வாடிப்போகும் விருந்தினரையும் ஒப்பிட்டு வள்ளுவர் கூறியதை ஆண்டுதோறும் அதே வியப்போடு விளக்கி வருகிறேன். ஆனால், விருந்தினரின் நடத்தையால் விருந்தளிப்பவர் முகம் வாடாதா என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. எனக்கும் அந்த ஐயம் தோன்றியதில்லை. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரில், ஒரு நண்பனின் வீட்டு அடுக்களையில்தான் அது தோன்றிற்று.

அவனும் நானும் கோவை கோட்டைமேட்டில் அடுத்தடுத்த தெருக்களில் வளர்ந்தவர்கள். அவனுடைய அத்தா டவுன்ஹால் பக்கம் வெங்காய மண்டி வைத்திருந்தார். காலை நான்கு மணிக்கு எழுந்து மண்டிக்குப் போய், இரவு இஷா தொழுகை முடித்து வீடு திரும்பும் உழைப்பாளி. மகன் கிரிக்கெட் மட்டையுடன் திரிவது அவருக்குப் பிடித்தமில்லை. அடிக்கவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். அந்தப் பேசாமையைத்தான் இவனால் தாங்க முடிந்ததில்லை.

1996இல் அவன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். நான் தமிழ் இலக்கியம். கல்லூரிகளுக்கு இடையிலான ஓர் இறுதியாட்டம் வ.உ.சி. மைதானத்தில் நடக்கவிருந்தது. முதல் நாள் மாலை என்னிடம் வந்து, "மாப்ளே, நான் கூப்பிட்டா அத்தா வரமாட்டாரு. நீ சொன்னாக் கேப்பாரு. நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் கூட்டிட்டு வாடா" என்றான். சரி என்றேன். மறுநாள் பொள்ளாச்சியில் ஒரு பேச்சுப்போட்டி. பரிசுத் தொகை நூறு ரூபாய். நான் பேருந்து ஏறிவிட்டேன். அன்றிரவு அவன் கேட்டபோது என்ன சொன்னேன் என்பதைப் பின்னர் கூறுகிறேன். அவனுடைய அத்தா 1999இல் மௌத்தானார். மகன் ஆடி அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

படிப்பு முடிந்து கணபதியில் ஒரு பம்புசெட் பட்டறையில் சில ஆண்டுகள் இருந்தவன், 2006இல் மேற்படிப்புக்கென்று ஜெர்மனி சென்றான். அங்கேயே வேலையும் அமைந்தது. நான் எம்.ஃபில். முடித்து விரிவுரையாளனானேன். தொலைபேசியில் பேசிக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் "எப்ப வர்றே?" என்பான்.

ஒரு கருத்தரங்கின் பொருட்டு நான் ஜெர்மனி செல்ல நேர்ந்தபோது அந்த வாய்ப்பு வந்தது. உண்மையைச் சொல்வதானால், நண்பனைக் காணும் ஆவலைவிட ஹாலே நகரைக் காணும் ஆவலே எனக்கு மிகுதி. லைப்சிக்கிலிருந்து இரயிலில் ஏறினால் அரைமணிக்குச் சற்றுக் கூடுதலான பயணம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவை உருவாக்கி அனுப்பிய ஊர் அது. தமிழ் ஓலைச்சுவடிகள் பலவும் அங்குள்ள பிராங்கே அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1708இல் சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் இசுலாமியத் தமிழ் நூல்களுக்கும் இடமுண்டு. இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

வியாழன் மாலை லைப்சிக் இரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான். பதின்மூன்று ஆண்டுகளில் அவனுடைய தலை நரைத்திருந்தது, பேச்சு நரைக்கவில்லை. "வா மாப்ளே, அரிசிம்பருப்புச் சோறு ஆறிப்போகுது" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். மனைவியும் பிள்ளைகளும் விடுமுறைக்குக் கோவை வந்திருந்த காலம். தேங்காயெண்ணெய் மணக்க அவனே சமைத்திருந்தான்.

அடுக்களைச் சுவரில் ஒரு பழைய புகைப்படத்தின் படி ஒட்டியிருந்தது. கால்பந்தாட்ட உடையில் ஓர் இந்திய இளைஞர் அமர்ந்திருக்கிறார். வெள்ளையர் ஒருவர் குனிந்து அவருடைய வெறுங்காலில் துணிக்கட்டுச் சுற்றுகிறார். "யார் இது?" என்றேன். சோற்றைப் பரிமாறியபடியே சொன்னான்.

அவர் கல்கத்தாவின் முகம்மது சலீம். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக் கோப்பையை வென்ற முகம்மடன் ஸ்போர்ட்டிங் அணியின் ஆட்டக்காரர். 1936இல் உறவினர் ஒருவரின் துணையோடு ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோவின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்தில் தம் திறமையைக் காட்டினார். பூட்சு அணியாமல், துணிக்கட்டுச் சுற்றிய பாதங்களோடு ஆடி, ஆடிய இரண்டு ஆட்டங்களிலேயே ஊரை வியக்க வைத்தார். இருந்து ஆடும்படி கழகத்தார் வேண்டினர். அவருக்கு ஊர் நினைவு வந்துவிட்டது, கப்பலேறித் திரும்பிவிட்டார். பல்லாண்டுகள் கழித்து அவர் நோயுற்றிருந்தபோது, அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதிலோடு நூறு பவுனுக்கு ஒரு வங்கி வரைவோலையும் வந்தது. பணம் வேண்டி எழுதவில்லை, தந்தையை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்றறியவே எழுதினேன் என்று கூறிய மகன், அந்த வரைவோலையைப் பணமாக்காமல் வைத்துக்கொண்டார்.

இதைச் சொல்லிவிட்டு, "இன்னொரு கரண்டி போடட்டுமா?" என்றான். நான் கதையின் சுவையில் இருந்தேன். அவன் எதற்காக அந்தப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாலே. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நம் மண்ணில் யாரோ கீறிய எழுத்தை அவ்வளவு தொலைவில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது என் கை நடுங்கியது. அங்கே என் மனத்தில் தங்கியவர் இன்னொருவர். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்னும் தமிழர் ஒருவர் உடன் சென்றார். அந்தப் பயணத்தில் உருவான தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சேறியது. நூலின் பெயர் பட்டியல்களில் நிற்கிறது. அந்தக் குளிரில் மலையப்பன் என்ன உண்டார், யாரிடம் தமிழ் பேசினார் என்று அன்று மாலை இரயிலில் நெடுநேரம் எண்ணிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை இரவு நண்பன் மேசைமேல் நான்கு வெங்காயங்களைச் சதுரமாக அடுக்கினான். நடுவில் உப்புச் சாடி. "இதுதான் பேஸ்பால்" என்றான். அவன் அந்நகரில் ஒரு சிறு கழகத்தில் ஆடுவதை அப்போதுதான் முழுதாக அறிந்தேன். வந்த புதிதில் கிரிக்கெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். இவன் கல்லெறியும் வேகத்தை ஏரிக்கரையில் கண்ட அண்டைவீட்டுக்காரர் அழைத்துச் சென்றாராம். மேற்கு ஜெர்மனியில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்களால் பரவிய ஆட்டம் இது. 1984 முதல் நாடளாவிய லீக் நடக்கிறது. சலீம் கிளாஸ்கோ சென்ற அதே 1936 ஆகஸ்டில், பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் இரண்டு அமெரிக்க அணிகள் இதனைப் பெருங்கூட்டத்தின் முன் ஆடிக் காட்டின. அடுத்த சில நாட்களில்தான் தயான்சந்தின் அணி அங்கே ஜெர்மனியை 8-1 என்று வென்று ஹாக்கித் தங்கம் பெற்றது.

உப்புச் சாடி பந்தெறிபவர். ஒரு வெங்காயத்திலிருந்து அடுத்ததற்குத் தொண்ணூறு அடி. அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். நம்மவன் முதல் ஆட்டத்தில் பழக்கதோஷத்தால் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓட, கழகமே விழுந்து விழுந்து சிரித்ததாம். பின்பக்கம் நயமாகத் தட்டிவிடும் நம் ஊர்ச் சாமர்த்தியத்துக்கு இங்கே மதிப்பில்லை. அது ஆட்டத்தில் சேராது. மூன்று தளங்களைச் சுற்றி, புறப்பட்ட இடத்தைத் திரும்பத் தொட்டால்தான் ஓர் ஓட்டம். அந்த இடத்துக்குப் பெயர் "ஹோம்" என்றான். ஹோம் என்றால் வீடுதானே என்றேன். "ஆமா மாப்ளே. மூணாவது வெங்காயத்துல நின்னுட்டா ஒண்ணுமில்ல."

பிறகு வெங்காயங்களைக் கூடையில் போட்டபடி, "நாளைக்குப் பதினொரு மணிக்கு எங்களுக்கு ஆட்டம்" என்றான்.

நான் சொன்னேன்: "நாளைக்கு ஹாலே அருங்காட்சியகம் பார்க்கலாம்னு இருக்கேன். திங்கட்கிழமை கிளம்பறேனில்ல?"

அந்த முகத்தைத்தான் முதலில் குறிப்பிட்டேன். வாடியது ஒரு நொடிதான். உடனே, "அதுவும் சரிதான். பார்த்துட்டு வா" என்று இரயில் நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தான். மூன்று நாள் விருந்து, அதற்கு மேற்பட்டது தருமம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது நான்காம் நாள்.

ஞாயிறு காலை அருங்காட்சியகம் திறக்கும்போதே உள்ளே நின்றேன். பதினெட்டாம் நூற்றாண்டில் உலகெங்குமிருந்து சேர்த்த விந்தைப் பொருள்களைத் தீட்டிய அலமாரிகளில் வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். ஆனால் பதினொரு மணி அடித்தபோது முதலையும் தெரியவில்லை, அலமாரியும் தெரியவில்லை. பொள்ளாச்சிப் பேருந்துதான் தெரிந்தது. அரைமணி நேரம் என்னோடு நானே வாதிட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடினேன்.

மைதானத்தை அடையும்போது ஆறாவது இன்னிங்ஸ். பார்வையாளர் முப்பது பேர் இருந்தால் அதிகம். பெரும்பாலும் ஆடுபவர்களின் மனைவிமார், பிள்ளைகள், பெற்றோர். கம்பிவேலியை ஒட்டி மடக்கு நாற்காலிகள் போட்டு அமர்ந்திருந்தனர். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் கழகத்தின் நீலத் தொப்பி ஒன்று. எங்கே உட்காருவது என்று நான் தயங்கி நிற்க, முதியவர் ஒருவர் எழுந்து வந்து, ஆங்கிலத்தில், "இந்தியாவிலிருந்து வந்த நண்பர் நீங்கள்தானே? இது உங்களுடையது. ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்றார்.

நான் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். இரண்டாவது இன்னிங்ஸில் அவன் அடித்த பந்து வேலியில் மோதியதாகவும், இவ்வாண்டில் அவனுடைய சிறந்த அடி அதுவே என்றும் முதியவர் மகிழ்ச்சியோடு விவரித்தார். அந்த நேரத்தில் நான் இரயிலில் இருந்திருப்பேன், அல்லது முதலைக்குக் கீழே.

எட்டாவது இன்னிங்ஸில் மீண்டும் அவன் முறை வந்தது. பந்தைத் தரையோடு அடித்துவிட்டு மட்டையை எறிந்து ஓடினான். நாற்பது வயதைக் கடந்தவன் மண்ணில் சறுக்கி விழுந்து தளத்தைத் தொட்டதைப் பார்த்தபோது, வெங்காய மண்டிக்காரர் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாரோ என்று தோன்றியது. அடுத்தவர் அடிக்க இரண்டாம் தளம்; அதற்கடுத்தவர் அடிக்க மூன்றாம் தளம். அங்கேயே நின்றான். பின்வந்த இருவரும் தோற்க, இன்னிங்ஸ் முடிந்தது. அவன் என் பக்கம் திரும்பி, கையை விரித்துக் காட்டிச் சிரித்தான். ஆட்டமும் தோல்விதான்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியாரும் சேர்ந்து உண்பது அங்கு வழக்கம். பன்றி இறைச்சி வாட்டும் அடுப்புக்குப் பத்தடி தள்ளி, தனியாக ஒரு சிறு அடுப்பு. அது அவனுக்காகக் கழகத்தார் வாங்கி வைத்தது. அதில் அவன் கோழி வாட்டினான். பெரிய தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறும் கொண்டுவந்திருந்தான். எதிரணியினரும் வரிசையில் நின்று வாங்கி உண்டனர். பந்தெறிபவர் இரண்டு முறை வாங்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், பேச்சுவாக்கில் கேட்டான்: "அன்னிக்கு அத்தா என்ன சொல்லித்தான் வரமாட்டேன்னாரு?"

இருபத்து மூன்று ஆண்டுகளில் அவன் அதைக் கேட்டது அதுவே முதல் முறை. 1996இல் நான் அவனிடம் கூறியது இதுதான்: உங்கள் அத்தாவை அழைத்தேன், வர மறுத்துவிட்டார். நூறு ரூபாய்ப் பரிசை மறைக்கச் சொன்ன பொய். மறந்திருப்பான் என்று நான் நம்பியிருந்தேன்.

"நான் கூப்பிடவே இல்லடா" என்றேன். பொள்ளாச்சியையும் சொன்னேன்.

அவன் நின்றான். சாலையில் டிராம் ஒன்று போய் முடியும்வரை பேசவில்லை. பிறகு கேட்டான். "கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரா?"

"தெரியலடா."

"வந்திருப்பாருன்னு நெனச்சுக்கறேன்" என்றவன், தூக்குப்போசியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். அன்றிரவு நாங்கள் அதிகம் பேசவில்லை. காலையில் என் பெட்டியை மூடும்போது, துணிகளுக்கு மேலே அந்த நீலத் தொப்பி இருந்தது.

2022 டிசம்பரில் அவன் கோவை வந்தான். எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினான். முதல் நாள் அடக்கத்தலத்துக்குச் சென்று அத்தாவின் கபுறருகே வெகுநேரம் நின்றோம். திரும்பும்போது வண்டியை வ.உ.சி. மைதானத்துக்கு விடச் சொன்னான். பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். இருவரும் ஓரமாக அமர்ந்து பார்த்தோம். பந்தொன்று எங்கள் காலடிக்கு உருண்டு வந்தது. அவன் எழுந்து, ஒரு காலைத் தூக்கிப் பின்சாய்ந்து எறிந்தான். விக்கெட் காத்துக்கொண்டிருந்த சிறுவன் பிடித்துவிட்டுக் கையை உதறியபடி எங்களை நோக்கிக் கத்தினான்:

"ஏனுங்ணா, நீங்க எந்த டீமுங்க?"